பழைய மோரிஸ் மைனர்: வால்வு சத்தத்தை முழுதாக அடக்கப் பார்க்காதீர்கள்

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தாவின் 1960 மோரிஸ் மைனர் இப்போது என் கையில். இஞ்சின் மேல்பக்கம் 'டிக் டிக்' என்று அடிக்கிறது. வால்வு கேப்பை (இடைவெளியை) வீட்டிலேயே சரிசெய்யலாமா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக. உங்களுடையது 948 சிசி இஞ்சின். மேல்மூடியின் இரண்டு நட்டைக் கழற்றினால் எட்டு வால்வும் கண்ணெதிரே தெரியும். கேப் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. இது இஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கும் அளவு. அதனால் முதல் நாள் இரவே காரை நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வேலையைத் தொடங்குங்கள்.

சாவியை எடுத்துவிட்டு நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். நாலாம் கியரில் போட்டுத் தள்ளினால் இஞ்சின் சுலபமாகச் சுற்றும். ஹேண்ட்பிரேக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர் உள்ளே இருக்கட்டும். வாசல் சரிவாக இருந்தால் அங்கே வேண்டாம், கோயில் திடல் மாதிரி சமதரைக்குக் கொண்டுபோங்கள்.

ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 8 முழுக்க அமுங்கியிருக்கும்போது 1-ஐச் சரிசெய்ய வேண்டும். 6 அமுங்கினால் 3, 4 அமுங்கினால் 5. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். அந்த நிலையில் சரிசெய்யும் வால்வைத் திறக்கும் கேம் மேடு (கேம் தண்டின் புடைப்பு) நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

லாக் நட்டுக்கு அரை அங்குல ரிங் ஸ்பானர் வேண்டும். 13 மி.மீ. ஸ்பானரை மாட்டினால் கொஞ்சம் ஆடும். நட்டின் மூலை மழுங்கிவிடும். நட்டைத் தளர்த்தி, இடைவெளி அளக்கும் ஃபீலர் தகட்டை ராக்கருக்கும் (வால்வை அமுக்கும் கை) வால்வுத் தண்டுக்கும் நடுவே விட்டு, திருப்புளியால் திருகைச் சுழற்றுங்கள். இழுக்கும்போது தகடு லேசாகப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுழலும் என்பதால், இறுக்கிய பிறகு கட்டாயம் இன்னொரு முறை பாருங்கள். பலர் விடுவது இதைத்தான்.

அளவு சரியாக வைத்தும் ஒரு வால்வு மட்டும் தட்டுகிறதா? அந்த ராக்கரின் முனை குழிந்திருக்கலாம். தகடு குழிக்கு மேல் பாலம் போலக் கிடப்பதால் உண்மையான இடைவெளி தெரியாது. சத்தம் நிற்கட்டும் என்று இன்னும் இறுக்கிவிடாதீர்கள். வெளிவால்வு (புகையை வெளியே விடும் வால்வு) தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில், அதாவது மூடும்போது பதியும் விளிம்பில், உட்காரும்போதுதான் இறக்குகிறது. கேப் போதாவிட்டால் சரியாக உட்காராமல் கருகிவிடும். கொஞ்சம் தட்டினால் காதுக்குத்தான் தொல்லை.

மூடியின் கார்க் கேஸ்கெட் நொறுங்கியிருந்தால் மாற்றுங்கள். ஒழுகுகிறதே என்று நட்டை முறுக்கினால் தகர மூடி வளைந்து இன்னும் ஒழுகும்.

கேப்பைக் குறித்து வையுங்கள். ஈயமில்லாத பெட்ரோலில் பழைய சீட் மெல்லத் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கும், கேப் குறையும். அடுத்தடுத்த முறை அதே வெளிவால்வில் கேப் குறைந்திருந்தால், ஹெட்டைக் கழற்றிக் கடின சீட் போடவேண்டியிருக்கலாம். அந்த வேலையை நல்ல ஃபோர்மனிடம் கொடுங்கள்.