பணம் போதாமல் காசோலை திரும்பினால் வங்கி நம்மிடம் தண்டம் பிடிப்பது நியாயமா? எப்படித் தவிர்ப்பது?

கேட்டவர் சிறு வியாபாரி என்றே எடுத்துக்கொள்கிறேன். மாதச் சம்பளக்காரர் பலர் இந்நாளில் காசோலைப் புத்தகம் வைத்திருப்பதில்லை.

இருப்புக்கு மேல் எடுத்தாலும் வங்கியே பணத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டணம் பிடிப்பது அமெரிக்காவில் பரவலான வழக்கம். மலேசியாவில் இப்படி இருப்புக்கு மேல் எடுக்கும் மிகைப்பற்று வசதியை நாமே விண்ணப்பித்து, பெரும்பாலும் வீட்டையோ வைப்புத்தொகையையோ ஈடாகக் காட்டி வாங்க வேண்டும். அது இல்லாதவரின் காசோலை திரும்பும், தண்டமும் விழும். தண்டத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. 12 மாதத்துக்குள் 3 காசோலை திரும்பினால் நடப்புக் கணக்கையே மூடிவிடுவார்கள். திரும்பிய காசோலைகளுக்கென்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் பதிவிலும் பெயர் ஏறும். மற்ற வங்கிகளும் அதைப் பார்க்கும்.

எனக்கு சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை, வாடிக்கையாளர்கள் தோட்டத் தொழிலாளர்கள். சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். எங்கள் கல்லாவில் காசு புரள்வதும் அதற்குப் பிறகுதான். அதனால் எனக்குச் சரக்கு தரும் ஈப்போ தவுக்கேவுக்கு (முதலாளிக்கு) நான் கொடுக்கும் காசோலை எதிலும் 12ஆம் தேதிக்கு முந்திய தேதி இருக்காது. அப்பா காலத்திலிருந்து இதே ஒழுங்கு. ஒரே ஒரு முறை தவிர ஒரு காசோலைகூடத் திரும்பியதில்லை.

ஒரு தீபாவளி மாதம், செம்பனைக் குலை வெட்ட ஆள் கொண்டுவரும் காண்டிராக்டர் ஒருவர் தம் ஆட்களுக்கென்று அரிசி, எண்ணெய், மாவு என வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு காசோலை கொடுத்தார். மறு வேலை நாளில் அது திரும்பியது. தவுக்கேயிடம் முன்பே கொடுத்திருந்த என் காசோலையும் அன்றே வங்கிக்கு வந்து, அதுவும் திரும்பியது. என் கணக்கில் நூறு வெள்ளி (ரிங்கிட்) பிடித்தார்கள். இரண்டு காசோலைகளின் சீட்டையும் கிளை அதிகாரியின் மேசையில் வைத்து, ஏமாற்றியவருக்கும் ஏமாந்தவனுக்கும் ஒரே தண்டமா என்று கேட்டேன். கணினி தானாகவே பிடித்துவிட்டது என்றார். அன்று மாலையே ரொக்கத்தோடு ஈப்போவுக்குப் போனேன். தவுக்கே ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, சரக்கையும் நிறுத்தவில்லை.

ஒரே ஆளின் காசோலையை நம்பியது தவறு என்று சிலர் கீழே எழுதுவார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் சிற்றூரில் கடை நடத்திப் பார்த்துவிட்டு எழுதட்டும். கையிருப்பு முழுவதும் அப்போது சரக்காகத்தான் கிடக்கும்.

காசோலைப் புத்தகம் வைத்திருந்தவர்தான் என்னை ஏமாற்றினார். கடன் புத்தகத்தில் கைநாட்டு வைத்து வாங்கிய பால்மரக் (ரப்பர்) காலத்து அம்மாக்கள் ஒருவரும் என் அப்பாவை ஏமாற்றியதில்லை. வாழ்நாள் முழுவதும் உழைத்த அவர்களை, ஓய்வு பெற்றதும் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சொந்த வீடு இல்லாமல் பிள்ளைகளின் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் படுத்துக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனால் நாணயம் பற்றிப் பேச்சு வந்தால் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

தவிர்க்கும் வழிக்கு வருகிறேன். வங்கிச் செயலியில் மொத்த இருப்பைப் பார்க்காதீர்கள்; இன்னும் பணமாகாத காசோலையும் அதில் சேர்ந்திருக்கலாம். எடுக்கக்கூடிய இருப்பு என்று தனியாகக் காட்டுவதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். சராசரி இருப்பு 1,000 வெள்ளிக்குக் கீழே போனால் பல வங்கிகள் அரையாண்டுக்கு 10 வெள்ளி பிடிக்கும்; அந்த ஆயிரம் கணக்கில் கிடக்கட்டும். காசோலை ஒன்றுக்கு முத்திரை வரி 15 சென்னோடு, 2015 முதல் செயலாக்கக் கட்டணம் 50 சென்னும் சேர்ந்துவிட்டதால், சிறு தொகைகளை நேரடிப் பணமாற்றமாகவே அனுப்புங்கள். அடுத்தவரின் காசோலை திரும்பியதால் உங்களுடையதும் திரும்பியிருந்தால், இரண்டின் நகலோடு கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கிளைக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். எனக்குத் தரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் நகலைக் காட்டித்தான் காண்டிராக்டரிடம் சரக்குப் பணத்தோடு அந்த நூறு வெள்ளியையும் வசூலித்தேன்.