செல்லுக்குள் நுழையும் நஞ்சு: கேள்வி பதில்

மயிலாடுதுறை: காலராக் கிருமி குடல் செல்லுக்குள்ளேயே போகாதாமே? அப்புறம் எப்படி மேடம் ஆளைச் சாய்க்குது?

பதில்: கிருமி குடற்சுவரில் ஒட்டி வெளியே நின்றுவிடும். உள்ளே போவது அது கக்கும் நஞ்சு. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, கிருமி வளர்ந்த நீரிலிருந்து கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு, மீந்த நீரை மட்டும் முயல் குடலில் செலுத்தியே இதைக் காட்டிவிட்டார். நஞ்சின் ஐந்து ‘பி’ துண்டுகள் வளையமாக நின்று, செல்லின் மேலுள்ள ஜிஎம்1 கொழுப்பைப் பற்றும். நடுவே ‘ஏ’ துண்டு. செல் அதை விழுங்கி, வழக்கத்துக்கு நேர் எதிர்த்திசையில், புரதங்களை மடித்துத் தயாரிக்கும் எண்டோபிளாச வலை வரை அனுப்பிவைக்கிறது. அங்கே ‘ஏ’ துண்டின் ஏ1 பகுதி கழன்று, மடிப்பு குலைந்த புரதம் மாதிரி வேஷம் போடுகிறது. அப்படிக் கெட்ட புரதங்களைச் செல் அந்த வலைக்கு வெளியே தள்ளி, முத்திரை குத்தி அழிக்கும். முத்திரை விழ லைசின் என்ற அமினோ அமிலம் வேண்டும்; ஏ1இல் லைசின் மிகக் குறைவு. தப்பித்து மறுபடி மடிந்துகொண்டு, செல்லின் சுவிட்சான ஜிஎஸ் புரதத்தை அணைய விடாமல் பூட்டுகிறது. செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி எகிறும், குளோரைடு குடலுக்குள் கொட்டும், பின்னாலேயே தண்ணீர்.

சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும் வழி மட்டும் கெடுவதில்லை. ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பலிப்பது அதனால்தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கே தண்ணீர் ஊற்றுங்கள். 200 மில்லி பாக்கெட்டும் கடையில் இருக்கிறது. அதை லிட்டரில் கரைத்தால் பயனில்லை.

பாபநாசம்: மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. காயம் ஆறட்டும், ஊசியைப் பிறகு பார்க்கலாமா?

பதில்: கூடாது. டெட்டனஸ் நஞ்சு நரம்பு முனையில் ஏறி, நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்குப் போய், தசையை அடக்கும் நரம்புசெல்லுக்குள் புகுந்து, அடக்கும் சமிக்ஞையை வெளிவிட உதவும் சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டுகிறது. செல்லுக்குள் புகுந்த நஞ்சை எந்த எதிர்மருந்தும் தொடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

ஒரத்தநாடு: இலைச்சுருட்டுப் புழுவுக்கு பிடி பவுடர் அடிக்கிறோம். நமக்கு ஆபத்தா?

பதில்: இல்லை. பிடி என்பது பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியா; அதன் நஞ்சுப் படிகம் புழுவின் காரக் குடலில்தான் கரையும். நம் வயிற்றில் அமிலம். அது பற்றிக்கொள்ளும் ஏற்பியும் நமக்கில்லை. வெயில் தாழ அடியுங்கள். அளவுக்கு வேளாண் அலுவலரைக் கேளுங்கள்.

கும்பகோணம்: எதையும் கொதிக்க வைத்துவிட்டால் நஞ்சு போய்விடும்தானே?

பதில்: கிருமி வேறு, நஞ்சு வேறு. பொட்டுலினம் நஞ்சு 85 டிகிரியில் 5 நிமிடத்தில் சிதையும். அதை உண்டாக்கும் கிருமியின் வித்து பிழைத்துக்கொள்ளும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் செரியூலைடு நஞ்சு நேர்மாறு: 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அப்படியே இருக்கும். அதற்கு ஏற்பியும் வேண்டாம், சிறிய வளையம், சவ்வின் கொழுப்பில் நேரே கரைந்து பொட்டாசியத்தைக் கடத்தி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும். சாப்பிட்ட சில மணியில் வாந்தி.

மன்னார்குடி: அப்போ பழைய சோறு விஷமா? தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுறோமே!

பதில்: அப்படி எங்கே சொன்னேன்? தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் கிருமிகள் புளிப்பேற்றுகின்றன. புளிப்பில் பேசில்லஸ் சீரியஸ் வளராது. சிக்கல் அதற்கு முன்னால். மதியம் வடித்ததை இரவு வரை மூடிப்போட்டு வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், இடையில் உண்டான செரியூலைடைப் புளிப்பு அழிக்காது.

மன்னார்குடி: எங்க வீட்ல ராத்திரிதான் ஊத்துவோம். யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே.

பதில்: ராத்திரி வடித்ததா, மதியம் வடித்ததா? அதைச் சொல்லாமல் வாதாடாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி: முதல் நாள் நீராகாரம் ஒரு கரண்டி விட்டா?

பதில்: நல்ல வழக்கம், புளிப்பு சீக்கிரம் ஏறும். சோறு ஆறியதும் விடுங்கள்.

நாகப்பட்டினம்: மிச்சச் சோத்தை நல்லா சுட வச்சா போதுமா மேடம்?

பதில்: கும்பகோணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவாரூர்: குக்கர்ல வச்சா?

பதில்: 121 டிகிரி என்றேனே! குக்கர் அதைத் தாண்டாது.

மன்னார்குடி: சரி, மதியம் வடிச்சதுதான். கல்யாண வீட்டில் அண்டா நிறைய மிஞ்சினா என்ன செய்யணும்?

பதில்: அண்டாவிலேயே விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும், நஞ்சு உண்டாவது அங்கேதான். அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள். இடமில்லையென்றால் உடனே ஆற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். சாயங்காலம் வரை கிடந்துவிட்டால் மாட்டுக்கும் வேண்டாம், குழியில் கொட்டுங்கள்.