ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் போதுமா? அன்றாட வாழ்க்கையில் உண்மையான கிறிஸ்தவனாக வாழ்வது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அநேகமாக இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார், புதிதாக வேலை கிடைத்து வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். வீட்டில் இருந்தவரை அம்மா எழுப்பி ஆராதனைக்கு அனுப்பியிருப்பார். இப்போது எழுப்ப ஆள் இல்லை, மனசு உறுத்துகிறது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் போதகர் இல்லை. இறையியல் கல்லூரி மதுரை அரசரடியில் என் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே போனதில்லை. பெத்தானியாபுரத்தில் அப்பா வைத்த மளிகைக்கடையை நடத்துகிறவன். கிறிஸ்தவ வாழ்க்கை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டதுதான். அதனால் ஒரு எடைக்கல் கதையைச் சொல்கிறேன்.

சொல்வதற்கு முன்னாலேயே கமெண்டில் வரப்போகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று மத்தேயுவில் இருக்கிறதே, இப்படிப் பொதுவில் எழுதலாமா" என்று ஒருவர் கேட்பார். அது தர்மம் கொடுப்பதைப் பற்றிய வசனம். நான் சொல்லப்போவது தர்மம் இல்லை, ஏறக்குறைய திருட்டு. "இதெல்லாம் மதம் மாற்றும் வேலை" என்று இன்னொருவர் வருவார். ஐயா, இதைப் படித்து யாரும் மதம் மாற மாட்டார்கள், வேண்டுமானால் கடை மாறுவார்கள். "நாத்திகனும்தான் நேர்மையாக இருக்கிறான்" என்பவருக்கு: ஆமாம், இருக்கிறார். என் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த கருப்புச் சட்டைக்காரர் என்னைவிட நேர்மையான மனிதர். அவர் இந்தக் கதையிலும் வருவார்.

எங்கள் தாத்தா திருமங்கலம் பக்கம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் நடத்திய பள்ளிக்கூடங்களில் ஒன்று அது. அந்தக் கண்டிப்பு அப்பாவுக்கும் அப்படியே வந்திருந்தது. பீடி, சிகரெட் விற்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார். கறி எடுக்கிற நாளில் இஞ்சி, பூண்டு, மல்லித்தூள் எவ்வளவு ஓடும் என்று மளிகைக்கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அவ்வளவும் அடுத்த கடைக்குப் போகும். (நான் 2016இலிருந்து சாயங்காலம் மட்டும் திறக்கிறேன். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.) ஆனால் கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி விற்பார். "பீடி விற்கக் கூடாது, கற்பூரம் விற்கலாமா? இது என்ன விசுவாசம்?" என்று என் சித்தப்பா வருஷா வருஷம் கிறிஸ்மஸ் சாப்பாட்டில் உட்கார்ந்து சண்டை போடுவார். அப்பா பதில் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்வார்.

மதுரைக்கு இந்தச் சண்டை புதிதில்லை என்று பிற்பாடு என் மகன் சொன்னான். 1606இல் இங்கே வந்த ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவனானவன் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை, அவையெல்லாம் ஊர் வழக்கம் என்று வாதாடினாராம். கூட இருந்த பாதிரியார்களே அவர்மேல் புகார் எழுதி, கடைசியில் 1623இல் ரோமிலிருந்து போப் அனுமதி கொடுத்தாராம். எங்கள் வீட்டுக் கற்பூர வழக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. இன்றும் விற்கிறேன்.

சரி, எடைக்கல்லுக்கு வருகிறேன்.

2013 லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். அதுவரை அப்பா காலத்துத் தட்டுத் தராசும் இரும்புக் கல்லும்தான். புது மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கப் பழைய கற்களை ஒவ்வொன்றாக அதில் வைத்தேன். ஒரு கிலோ சரி. இருநூறு சரி. அரைக்கிலோ கல்லை வைத்தால் 482 காட்டுகிறது. மெஷின்தான் கோளாறு என்று தராசு விற்றவருக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக, "அண்ணே, கல்லைத் திருப்பிப் பாருங்க" என்றார்.

இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி எடையைச் சரிக்கட்டி, அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை குத்துவார்கள். என் அரைக்கிலோ கல்லில் குழிதான் இருந்தது, ஈயம் விழுந்துபோயிருந்தது. இரும்புக் கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போட்டால் போதும். நான் போட்டு 14 மாதம் ஆகியிருந்தது. அதற்குள் எந்த நாளில் விழுந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. தினமும் அந்தக் கல்லைத்தான் நூறு தடவை எடுத்து வைக்கிறேன், ஒரு தடவை கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நற்கருணை ஆராதனை. பாவ அறிக்கை சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்து வாய் சொல்லிக்கொண்டிருக்கிறது, மனசுக்குள் 482 ஓடுகிறது. பீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று வேதத்தில் இருக்கிறது. அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற பந்திக்கு நான் போகவில்லை. என் மனைவி மட்டும் எழுந்து போனாள். நான் போகாததைச் சபையே பார்த்தது, வீட்டுக்குள் ஏதோ சண்டை என்று பேசிக்கொண்டார்களாம்.

வீட்டுக்கு வந்து பற்று நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மாதக் கணக்கு வைத்திருந்தவை 43 வீடுகள். ஒரு வீட்டுக்கு மாதம் சுமார் 12 அரைக்கிலோ நிறுத்திருப்பேன். பருப்பு, சீனி, உளுந்து, ரவை, இப்படி. பதினெட்டு கிராம் வீதம் 14 மாதத்துக்கு மூன்று கிலோவும் கொஞ்சமும் வருகிறது. சராசரியாகக் கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் வீட்டுக்கு 150, மொத்தம் 6,450 ரூபாய். பெரிய தொகை இல்லை என்று தோன்றும். ஆனால் ஞாயிறு பள்ளியில் படித்த சகேயு ஞாபகத்துக்கு வந்துவிட்டான். லூக்கா 19. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்ற வரி வசூல்காரன் அவன். நாலத்தனை என்றால் 25,800. மனைவி, "அவன் தெரிஞ்சு வாங்கினான், நீங்க தெரியாம வாங்கினீங்க, ரெண்டும் ஒண்ணா?" என்றாள்.

எங்கள் ஐயரிடம் போனேன். (சிஎஸ்ஐயில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், போதகரை ஐயர் என்போம், குழம்ப வேண்டாம்.) அவர் லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தைக் காட்டினார். முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். அப்படிப் பார்த்தால் வீட்டுக்கு 180, மொத்தம் 7,740. புதிய ஏற்பாட்டிலிருந்து பழைய ஏற்பாட்டுக்குப் போனதில் எனக்கு 18,060 ரூபாய் மிச்சம். அந்த அதிகாரத்தை அன்று வாசித்த அளவுக்கு ஆர்வமாக நான் வேறு எந்த அதிகாரத்தையும் வாசித்ததில்லை.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், நோட்டில் 180 கழித்தேன். முக்கால்வாசிப் பேர் "பரவால்லண்ணே, விடுங்க" என்றார்கள். ஒரு பாய் வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். சரியாகத் திட்டு வாங்கியது எங்கள் சபைக் குடும்பம் ஒன்றிடம்தான். "அப்ப நெய், முந்திரி எல்லாத்துலயும் இப்படித்தானா? உங்கப்பா காலத்துல இருந்தேவா?" என்று வாசலில் நிறுத்தியே கேட்டார்கள். தெரு முழுக்கச் சொன்னார்கள். ஆறு வீடு சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறியது.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வீட்டுக்காரர் அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 3,000 ரூபாய்க்கு எடுத்தார், சபையே கைதட்டியது. என் நோட்டில் அவருக்கு நாலு மாதப் பாக்கி அப்படியே நின்றது. இன்றைக்கும் தினமும் காலை ஐந்து மணிக்கு அவரிடமிருந்து வாட்ஸாப்பில் ரோஜாப் பூ போட்ட வசனம் வருகிறது, கீழே "ஆமென் என்று டைப் செய்து பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று. ஐந்து மணிக்கு நான் கீழமாசி வீதிக்குச் சரக்கு எடுக்கக் கிளம்பிக்கொண்டிருப்பேன். டைப் செய்யக் கை ஏது? சூப்பர் மார்க்கெட் கதையும் இப்படித்தான். அங்கே 500 கிராம் என்று அச்சடித்த பாக்கெட்டை யாராவது நிறுத்துப் பார்க்கிறார்களா? என்னிடம் கறிவேப்பிலை சும்மா கேட்பவர்கள் அங்கே பைக்கே காசு கொடுக்கிறார்கள். சரி, இது கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, விடுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று பந்திக்குப் போனேன். மனசு லேசாக இருந்தது. நல்லவனாகிவிட்டேன் என்ற நினைப்பு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. நோட்டில் இருப்பவர்களுக்குத்தானே கொடுத்தேன்? அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்கு அரைக்கிலோ வாங்குகிறவர்களை நோட்டில் எழுதுவதில்லையே. அவர்கள்தான் அரைக்கிலோக் கல்லில் அதிகம் வாங்குகிறவர்கள். அந்த நினைப்போடு இன்னொன்றும் வந்தது. இதை யாரோ என்னிடம் முன்பே சொன்னார்கள்.

ஒரு ஆத்தா. பூக்கட்டுகிறவர். மாட்டுத்தாவணியில் மல்லி வாங்கிவந்து கட்டி, முழம் போட்டு விற்பார். கடன் வாங்க மாட்டார், கையில் காசு இருந்தால்தான் கடைக்கு வருவார். தினமும் அரைக்கிலோ, ஒரு கிலோ என்று பூவைக் கையில் வாங்கி வாங்கி, அவர் கையே தராசு. 2012 தீபாவளிக்கு முந்தைய வாரம், அரைக்கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் கல்லு சரியில்லப்பா, குறையுது" என்றார். கடையில் கூட்டம். "கவர்மெண்டு முத்திரை போட்ட கல்லு ஆத்தா. உனக்குக் கையில உணர்ச்சி போயிருச்சு போ, போ, அடுத்த ஆளுக்கு வழி விடு" என்றேன். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அப்புறம் கடைக்கு வரவே இல்லை.

ஆகவே, "தெரியாம வாங்கினீங்க" என்று என் மனைவி சொன்னது தீபாவளி வரைக்கும்தான் உண்மை. இதை நான் அவளிடம் அன்றைக்குச் சொல்லவில்லை, ஐயரிடமும் சொல்லவில்லை.

விசாரித்ததில் மகள் வீட்டோடு நிலக்கோட்டைக்குப் போய்விட்டார் என்றார்கள். அதுவும் பூ ஊர்தான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். துவரம்பருப்பு இரண்டு கிலோவைப் புது மெஷினில் நிறுத்து, ஒரு கை கூடப் போட்டு எடுத்துக்கொண்டேன். வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார், கை மட்டும் நிற்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கே?"

கூடத்தான் போட்டேன் ஆத்தா என்று சொல்லி, சகேயு கதையையும் சொன்னேன். குள்ளன், மரத்தில் ஏறினான் என்றதும் சிரித்தார். பேத்தியைக் கூப்பிட்டு டம்ளர் கொண்டுவரச் சொல்லி, கூட இருந்த பருப்பை அளந்து என் பையில் திருப்பிப் போட்டார். "எனக்கு வரவேண்டியது வந்தாப் போதும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னைக்கு நான் பேசினது தப்பு ஆத்தா, மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் நாரை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பருப்பு சரியாப் போச்சு தம்பி. நீ போ, போன்னு சொன்னப்ப நாலு பேரு நின்னு சிரிச்சாங்க. இங்க யாரு நிக்கிறா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த நாலு பேர் யார் யார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒருவர் டீக்கடைக்காரர், சீனி வாங்க வந்திருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். "அந்தம்மா கை தப்பாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். அப்படியானால் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்கவில்லை, கேட்கிற இடத்தில் நான் இல்லை. மற்ற மூன்று பேர் முகம் இன்றுவரை ஞாபகம் வரவில்லை. 2012 தீபாவளி சமயம் பெத்தானியாபுரத்தில் ஒரு மளிகைக்கடையில் நின்றிருந்த யாராவது இதைப் படித்தால்: அந்த ஆத்தா சொன்னது சரி. என் கல்லில் 18 கிராம் குறைந்தது.