கிஸாஸை விட்டு ஹிராபாவிலிருந்து தொடங்குங்கள்

1948ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கையைக் கிஸாஸ் எனும் இஸ்லாமியப் பழிக்குப் பழிச் சட்டத்துடன் ஒப்பிட்ட உங்கள் ஆய்வேட்டு இயலை, இரண்டும் ஒட்டவில்லை என்று நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது சரியென்றே எனக்கும் படுகிறது. கிஸாஸில் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுடையது. அவர்கள் பழிக்குப் பழி கோரலாம், தியத் எனும் இழப்பீட்டைப் பெறலாம், மன்னித்தும் விடலாம். ஒரு குழுவையே அழிக்கும் குற்றத்தில் மன்னிப்பதற்கு வாரிசே மிஞ்சாமல் போகலாம் என்பது ஒருபுறமிருக்க, உடன்படிக்கையின் முதல் பிரிவு தடுப்பதையும் தண்டிப்பதையும் அரசுகளின் கடமையாக்குகிறது.

ஆயுதமேந்தி மக்களை அச்சுறுத்தி வழிப்பறியோ கொலையோ செய்யும் குற்றமான ஹிராபா இதற்கு நெருக்கமானது. குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயத்தின் 33ஆம் வசனத்தை அடிப்படையாகக் கொண்ட அக்குற்றத்தில் கொலை நிகழ்ந்திருந்தால், வாரிசுகள் மன்னித்தாலும் தண்டனை நீங்காது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. பிடிபடுமுன் மனந்திருந்தியவருக்கு அடுத்த வசனம் தரும் விலக்கையும் மறைக்காமல் எழுதுங்கள். தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

ஆயினும் நோக்கம் என்னும் இடத்தில் ஹிராபாவும் போதாது. தேசிய, இன, மரபின அல்லது மதக் குழுவொன்றை, அக்குழு என்பதற்காகவே, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் தனி நோக்கத்தை உடன்படிக்கை கோருகிறது. போஸ்னியாவின் பல இடங்களில் பெருங்கொலைகள் நடந்ததை ஏற்ற சர்வதேச நீதிமன்றம், அந்நோக்கம் ஸ்ரெப்ரெனிகாவில் மட்டுமே நிறுவப்பட்டதாக 2007இல் தீர்ப்பளித்தது. ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியலிலோ, பயன்படுத்திய ஆயுதத்திலிருந்து ஊகிக்கப்படுவது ஒரு மனிதரைக் கொல்லும் நோக்கம்தான். இவ்விடைவெளியைத் தஃஸீர் அதிகாரத்தின்கீழ், அதாவது குர்ஆனும் நபிமொழியும் தண்டனை வரையறுக்காத குற்றங்களுக்கு ஆட்சியாளர் தண்டனை விதிக்கும் அதிகாரத்தின்கீழ், அரசு தனிச் சட்டம் இயற்றி நிரப்பலாம் என்று வாதிடுவதே உங்களுக்கு வலுவான வழி. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுக்கும் நபிமொழிகள் போர்ச்சட்டம் சார்ந்தவை. அவற்றை வேறொரு இயலுக்கு மாற்றிவிடுங்கள்.