கால் 32 செகண்ட்ல கட் ஆகுதுன்னா

வெளிய இருந்து வர்ற கால் எடுத்தா பேச்சு நல்லா கேக்குது, ஆனா 32 செகண்ட்ல கட் ஆகுதுன்னு சொல்றீங்கல்ல, அந்த 32தாங்க க்ளூ. கால் எடுத்ததும் உங்க ஆஸ்டெரிஸ்க் (இன்டர்நெட் கால்கள இணைக்கிற போன் சர்வர் சாஃப்ட்வேர்) ‘கால் எடுத்தாச்சு’ன்னு சொல்ற 200 ஓகே மெசேஜ் அனுப்பும், பதிலுக்கு ‘கிடைச்சுது’ன்னு ஏசிகே வரணும், வரலேன்னா 32 செகண்ட் வரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பிப் பாத்துட்டு அதுவே லைன கட் பண்ணிடும். பெரும்பாலும் அந்த 200 ஓகேல, ஏசிகே எங்க அனுப்பணும்னு சொல்ற காண்டாக்ட் ஹெட்டர்ல 192.168ன்னு ஆரம்பிக்கிற உள் ஐபி அப்படியே போயிருக்கும், அந்த ஐபிக்கு உங்களுக்கு லைன் குடுக்குற கம்பெனி ஏசிகே அனுப்புனா எப்படி வந்து சேரும்? பிஜேசிப் (ஆஸ்டெரிஸ்க்ல எஸ்ஐபிங்கிற இன்டர்நெட் கால் முறைய பாத்துக்கிற பகுதி) டிரான்ஸ்போர்ட் செட்டிங்ல பப்ளிக் ஐபி, லோக்கல் நெட் ரெண்டும் குடுங்க, ரீலோட் பத்தாது, ரீஸ்டார்ட்டே பண்ணிடுங்க. ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜின்னு, எஸ்ஐபி பாக்கெட்ட மாத்தி எழுதுற வசதி இருந்தா ஆஃப் பண்ணுங்க, உதவுறேன்னு வந்து பாக்கெட்ட கெடுக்குற சனியன் அது. அப்பவும் கட் ஆனா போற வர்ற மெசேஜ காட்டுற பிஜேசிப் லாகர ஆன் பண்ணி 200 ஓகேல இருக்க காண்டாக்ட் வரிய இங்க போடுங்க, பப்ளிக் ஐபிய மறைச்சிட்டு.