பள்ளத்து ஊர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் தென்சென்னையிலிருந்தும் அதை ஒட்டிய கிராமங்களிலிருந்தும் வரும் கடிதங்கள் தண்ணீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியுமே இருக்கும். இரண்டையும் பிரித்துப் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த முறை சேர்த்தே தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கடல் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனாலும் தெருவில் தேங்கிய மழைநீர் வடிய நாள்கணக்கில் ஆகிறது. ஏன்? (வாசகி, பள்ளிக்கரணை)

பதில்: கடல் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கடலுக்கு நேர்வழி இல்லை. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலோரமாக ஒரு நீண்ட மணல்மேடு வடக்கு தெற்காகக் கிடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் அதன் மேல்தான் போகிறது. மேற்கே பல்லாவரம், தாம்பரம் பக்கம் பாறை மேடு. இந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் ஊர்க்காரர்கள் கழுவெளி என்று சொல்லிவந்த சதுப்பு நிலம்.

சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் என்று ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து இங்கே வந்து சேரும். வெளியேறப் பெரிய வாசல் ஒக்கியம் மடுவு. அதன் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே திரும்பி, முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. கிழக்கே போக வேண்டிய தண்ணீர் இப்படித் தெற்கே வெகுதூரம் சுற்றிப் போகிறது. நாளுக்கு இருமுறை கடலில் ஓதம் ஏறும்போது முகத்துவாரத்தில் தண்ணீர் எதிர்த்து நிற்கும். ஓதம் இறங்கும்போதுதான் வேகமாக வடியும். அந்த இடைவேளையில் வரும் நீரைத் தாங்கி வைத்துக்கொள்வதே கழுவெளியின் வேலை. குப்பைமேடும் சாலையும் கட்டடமும் அதில் ஏறிய அளவுக்கு, தாங்க இடமில்லாத தண்ணீர் உங்கள் தெருவில் காத்திருக்கிறது.

அளவு புரிய ஒரு கணக்கு. 100 ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 4 கோடியே 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அள்ளினால் 3,370 லோடுக்கு மேல். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 செ.மீ. சதுப்பில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடானது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் எனும் பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. எஞ்சியிருப்பதைக் காக்க இவை உதவும். ஆனால் எல்லைக்கு வெளியே உள்ள வாய்க்கால்கள் அடைபட்டால், உள்ளே எவ்வளவு காத்தாலும் தெருவில் நிற்கும் தண்ணீர் குறையாது.

கேள்வி: எங்கள் ஊரின் வரலாற்றைச் சிறு நூலாக எழுத இளைஞர்கள் சிலர் முயல்கிறோம். பெரியவர்கள் சொல்வதைத் தவிர வேறு ஆதாரம் கிடைக்குமா? எங்கே தொடங்குவது? (வாசகர், ஒட்டியம்பாக்கம்)

பதில்: நிறையவே கிடைக்கும். கோயிலிலிருந்து தொடங்குவதுதான் எல்லோருக்கும் பழக்கம். எங்கள் யோசனை, கிராம வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். பள்ளத்து ஊரில் முதலில் வந்தது ஏரி. அதன் கரைக்குக் கீழே நன்செய், சற்று மேடான இடத்தில் குடியிருப்பான நத்தம், அதையும் தாண்டி மேய்க்கால், சுடுகாடு, களம் என்று ஊர் அமைந்தது. வரைபடத்தில் இதை ஒருமுறை பார்த்துவிட்டால், பெரியவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் இடம் கிடைத்துவிடும்.

பழைய கிராம வரைபடம் பெரும்பாலும் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டது. அதாவது காகிதத்தில் 1 அங்குலம் தரையில் 330 அடி, சர்வேயர் கணக்கில் 5 சங்கிலி. நகல் எடுக்கும்போது கடையில் சுருக்கியோ பெருக்கியோ விட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். ஆகவே நகலில் அளவுகோல் கோடும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ‘அ’ பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணும் நன்செயா, புன்செயா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா வாய்க்காலா மேய்க்காலா என்பது அதில் இருக்கும். இன்று இ-சேவை இணையதளத்தில் கிடைப்பது 1980களில் நடந்த யு.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு புதுப்பிப்புக்குப் பிந்தையது. வரலாற்றுக்கு அதற்கு முந்தைய நிலத்தீர்வைப் பதிவேடு வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் கேட்டு மனு கொடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “ஊர் ஆவணங்கள் எல்லாம்” என்று பொதுவாகக் கேட்டால் திருப்பிவிடுவார்கள். சர்வே எண்ணையும் பதிவேட்டின் பெயரையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழையது ஏக்கர், செண்டில் இருக்கும்; புதியது ஹெக்டேர், ஏரில். ஒரே எண் 112 என்று இருந்தது 112/1, 112/2ஏ என்று உடைந்திருக்கும். நகர நில அளவை நடந்த ஊரில் எண்ணே முழுதாக மாறி, வார்டு, பிளாக் என்று வந்திருக்கும். அங்கே பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்ற ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். ‘அடங்கல்’ கிடைத்தால் எந்தப் போகத்தில் என்ன பயிர் என்பது தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவம். ஏரி நிறைந்த ஆண்டு எது, காய்ந்த ஆண்டு எது என்பதை நவரை நிலவரமே காட்டிக்கொடுத்துவிடும். அதில் ஆண்டு, வருவாய்த்துறை ஆண்டான பசலியில் இருக்கும். ஜூலையில் தொடங்கும் பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1390 என்றால் 1980 ஜூலை முதல். ஊர்க் கணக்கரான கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டதும் அதே 1980இல்தான். அந்தக் கைமாற்றத்துக்கு முந்தைய கணக்குகள் பல ஊர்களில் தனியார் வீட்டுப் பரணில் இருக்க வாய்ப்புண்டு, மரியாதையோடு விசாரியுங்கள்.

இன்னும் பின்னே போக ஓர் அரிய வாய்ப்பு நம் பகுதிக்கு மட்டுமே உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீரில் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களின் கணக்கை எடுத்தார். ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதியதன் அடிப்படையில் அது உருவானது. அதன் ஆங்கிலச் சுருக்கங்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஊர்ப்பெயர் எழுத்து தாறுமாறாக இருக்கும் என்பதால், பக்கத்து ஊர்ப்பெயர்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கோயில் கல்வெட்டுக்கு ஒரே ஒரு அறிவுரை: சுண்ணாம்பு, மாவு எதையும் தடவாதீர்கள். இரவில் ஒரு டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்துப் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். ஏரியின் பெயரோ ‘ஏரி வாரியம்’ என்ற சொல்லோ தென்படுகிறதா என்று பாருங்கள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஊரார் தனி வாரியம் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன.

ஊரின் பொருளாதாரத்தை எழுத ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் கில்பர்ட் ஸ்லேட்டரைச் சொல்வோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான அவர் 1916இல் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு, தூசி போன்ற ஊர்களை வீடுவீடாகக் கணக்கெடுக்க வைத்தார். அதே ஊர்களைப் பின்னால் வந்தவர்கள் மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தார்கள். நீங்களும் இன்றைய வீட்டுக்கணக்கைத் தேதியோடு எழுதி வைத்தால், முப்பது ஆண்டு கழித்து வருகிறவருக்கு உங்கள் நூலில் அந்தப் பக்கம்தான் அதிகம் பயன்படும்.

கேள்வி: தாங்கல், ஏந்தல், ஏரி எல்லாம் ஒன்றுதானா? (வாசகி, வேளச்சேரி)

பதில்: ஏரி பெரியது, கரை, பாசன நீர் விடும் மதகு, மிகுந்த நீர் வழியும் கலங்கல் மூன்றும் அதற்கு உண்டு. தாங்கல் சிறிய ஏரி. ஏந்தலும் நீரை ஏந்தி நிற்பதுதான், தெற்கு மாவட்டங்களில் அந்தப் பெயர் அதிகம். தெருப்பெயரில் ‘தாங்கல்’ என்று இருந்தால், வாங்கும் முன் பழைய வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஏரி 50 ஏக்கர். ஊர் நிதி திரட்டித் தூர்வாரப் போகிறோம். எங்கிருந்து தொடங்க வேண்டும்? (வாசகர், வண்டலூர் அருகிலிருந்து)

பதில்: முதலில் அனுமதி. ஏரி நீர்வளத்துறை வசமா ஊராட்சி வசமா என்று தெரிந்து, அவர்கள் ஒப்புதலும் மண் எடுக்க அனுமதியும் பெறாமல் பொக்லைனை இறக்க வேண்டாம். எல்லையை அளந்து கல் நட்டுவிட்டே தொடங்குங்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் எல்லை அளப்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பிறகு கணக்கு. 50 ஏக்கரில் ஓர் அடி மண் எடுத்தால் 21.78 லட்சம் கன அடி. மூன்று யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) டிப்பரில் 7,260 லோடு. கொட்ட இடம் எங்கே? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தொடங்கிய வேலைகள், எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே மேடுமேடாகக் குவித்துவிட்டு நின்றுபோகின்றன. அடுத்த மழையில் அது கரைந்து பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஆகவே கையில் உள்ள பணத்தில் வரத்துக் கால்வாயை முதலில் சரிசெய்யுங்கள். அடுத்து கலங்கலும் போக்குக் கால்வாயும், பிறகு மதகு, கடைசியில்தான் ஏரியின் உள்வாய். தண்ணீர் வராத ஏரியை ஆழப்படுத்தி என்ன பயன்? வரத்துக் கால்வாயில் நெய்வேலிக் காட்டாமணக்கும் குப்பையும் அடைத்திருக்கும். சாலை குறுக்கே போகும் இடத்தில் சிறு குழாயைப் புதைத்திருப்பார்கள். கால்வாயின் அகலத்துக்கு அந்தக் குழாய் ஈடாகாது, அங்கே பெட்டிப் பாலம் வேண்டும்.

உள்வாயில் தோண்டும்போது கரையின் அடியை ஒட்டித் தோண்டவே கூடாது. கரை நிற்பது அதன் அடிமண் பிடிப்பில்தான். அங்கே பள்ளம் விழுந்தால் ஏரி நிறைந்ததும் உள்சரிவு சரியும், அல்லது அடியில் கசிவு தொடங்கும். கரை உயரத்தைப் போல் பல மடங்கு தள்ளிப் போய்த் தோண்டுங்கள். அடியில் உள்ள களிமண் படுகையைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால் தண்ணீர் நிற்காது. கிணறுகளுக்கு நல்லதுதான் என்றாலும், பாசனம் இருக்கும் ஏரியில் அது இழப்பு. கரைமேல் சீமைக்கருவேலம் இருந்தால் வேரோடு எடுத்து, குழியில் மண்ணை அடுக்கடுக்காக நனைத்து இடித்துக் கெட்டிக்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் வேர் மக்கி, அந்த ஓட்டையே நீர்வழியாகிவிடும்.

அதிகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கலின் மேல் இரண்டு வரிசை செங்கல் வைப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். இது ஆபத்து. கலங்கல் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் உள்ள இடைவெளிதான் பெருமழையில் கரையைக் காப்பாற்றுகிறது. பழைய கலங்கல்களில் நட்டிருக்கும் குத்துக்கற்கள் அதிகத் தண்ணீர் நிறுத்தவே வைத்தவை: மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றுக்கு இடையே மண்ணும் வைக்கோலும் அடைத்து நீரை உயர்த்துவார்கள், மீண்டும் வெள்ளம் வந்தால் அந்த அடைப்பு தானே அடித்துப் போய்விடும். சிமென்ட் பூச்சு அப்படிப் போகாது; கரைதான் போகும்.

கேள்வி: பதிவேட்டில் எங்கள் பாட்டன் பெயருக்கு எதிரே ‘டி.சி. கண்டிஷன்’ என்று எழுதியிருக்கிறது. என்ன பொருள்? (வாசகர், திருப்போரூர்)

பதில்: அது பஞ்சமி நிலம். ‘டி.சி.’ என்பது அக்காலத்தில் பட்டியல் சமூகத்தாரைக் குறித்த ‘டிப்ரஸ்டு கிளாஸ்’ என்பதன் சுருக்கம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், பட்டியல் சமூக மக்கள் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் கிடந்த நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892இல் அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. யு.டி.ஆரில் இந்தக் குறிப்பு விடுபட்டிருந்தாலும் நிபந்தனை போய்விடாது. பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகலை உடனே வாங்கி வைத்துக்கொண்டு, வட்டாட்சியருக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். யார் வந்து எதில் கையெழுத்துக் கேட்டாலும் வழக்கறிஞரைப் பார்க்கும் வரை போட வேண்டாம்.

கேள்வி: வாங்க நினைக்கும் மனை ஏரிக்குள் இருந்ததா என்று நாங்களே சோதிக்க வழி உண்டா? பட்டாவில் 0.12.50 என்று இருக்கிறது. (வாசகி, சிட்லபாக்கம்)

பதில்: 0.12.50 என்பது பன்னிரண்டரை ஏர், அதாவது 1,250 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 30.9 செண்டு, 13,455 சதுர அடி, ஐந்தரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல்.

காகிதச் சோதனை: பழைய பதிவேட்டில் வகைப்பாடு பாருங்கள். புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மனையை ஒட்டி வாய்க்கால் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைக்கும், அங்கே இல்லாத பழைய ஆண்டுகளுக்கானதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு எடுங்கள். வில்லங்கம் இல்லை என்பது நிலத்தின் மேல் பதிவான கடனும் விற்பனையும் இல்லை என்று மட்டுமே சொல்லும். அது ஏரி இல்லை என்று சொல்லாது.

தரைச் சோதனை: ஏரியின் கலங்கல் மட்டத்தோடு மனையின் மட்டத்தை ஒப்பிடுங்கள். கரைக்கு உட்புறம் இருந்து, கலங்கலைவிடத் தாழ்வாகவும் இருந்தால், ஏரி நிறையும் நாளில் அந்த இடம் தண்ணீருக்குள் இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கலங்கலில் பிடித்து, மறுமுனையை அடுத்த கம்பத்தில் பிடித்து, நீர் அசையாமல் நின்றபின் குறியிடுங்கள். ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகும். குழாய் மடிந்தாலும் அப்படியே. 10 மீட்டர் குழாயால் ஒரு கிலோமீட்டர் போக 100 முறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் 3 மி.மீ. ஒரே பக்கம் தவறினால் முடிவில் 30 செ.மீ. பிசகும். 200 மீட்டருக்கு மேல் என்றால் ஆட்டோ லெவல் வைத்திருக்கும் சர்வேயரை அழைத்து, போன வழியே திரும்பியும் அளக்கச் சொல்லுங்கள். தொடங்கிய கலங்கலுக்கே வந்து முடிக்கும்போது கணக்கு ஒத்துவராவிட்டால், அன்றே மறுபடி அளக்க வேண்டும்.