20 இன்ச் பாருக்கு 20 இன்ச் செயின் ஏன் பொருந்தவில்லை?

கேள்வி: என்னிடம் இருப்பது 58 சிசி செயின் சா. ஆன்லைனில் வாங்கியது, பெரிய கம்பெனி இல்லை. பாரில் 20 இன்ச் என்று போட்டிருக்கிறது. பழைய செயின் தேய்ந்துவிட்டதால், நல்ல பிராண்டாக இருக்கட்டும் என்று கடையில் ‘20 இன்ச் செயின்’ கேட்டு வாங்கினேன். மாட்டினால் தொங்குகிறது. டென்ஷன் ஸ்க்ரூவைக் கடைசி வரை திருகியும் இறுகவில்லை. செயினில் குறையா, பாரில் குறையா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: இரண்டிலும் குறை இல்லை. இன்ச் மட்டும் சொல்லி வாங்கியதால் வந்த வினை. 20 இன்ச் என்பது பாரில் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மரத்துக்குள் இறங்கும் பகுதியின் நீளம், அதுவும் தோராயமாக. செயினுக்கு அளவு மூன்று: பிட்ச் (ரிவெட்டுகளின் சராசரி இடைவெளி, இன்ச்சில்), கேஜ் (லிங்க்கின் தடிமன்), டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) எண்ணிக்கை. மூன்றும் சேர்ந்தால்தான் செயின் உட்காரும்.

உங்களுக்குத் தவறியது மூன்றாவது. சந்தையில் ஓடும் 58 சிசி சீன மிஷின்களில் பெரும்பாலும் .325 பிட்ச், 1.5 மி.மீ. கேஜ்தான். 18 இன்ச் பாருக்கு 72 லிங்க், 20-க்கு 76, 22-க்கு 86. பெரிய பிராண்டுகளில் அதே .325 பிட்சில் 20 இன்ச் என்று கேட்டால் 78 அல்லது 80 லிங்க் செயின் கைக்கு வரும். .325 செயினில் ஒரு டிரைவ் லிங்க்கிலிருந்து அடுத்த லிங்க்குக்கு 16.5 மி.மீ. நான்கு லிங்க் கூடினால் 66 மி.மீ.; அதை இழுத்துப் பிடிக்க பார் 33 மி.மீ. முன்னால் நகர வேண்டும். எந்த டென்ஷன் ஸ்க்ரூவும் அவ்வளவு தூரம் போகாது. இரண்டு லிங்க் கூடுதல் என்றால் சில மிஷின்களில் எப்படியோ இறுகிவிடும். ஆனால் செயின் ஓட ஓடக் கொஞ்சம் நீளுமே, அதற்கு இடமில்லாமல் போய்விடும்.

கடையில் ‘43 பல்லு’, ‘38 பல்லு’ என்று கேட்பார்கள். வெட்டும் பல்லின் கணக்கு அது. வழக்கமான செயினில் இரண்டு டிரைவ் லிங்க்குக்கு ஒரு பல். 38 பல் என்றால் 76 லிங்க், 43 என்றால் 86. பல் விட்டுவிட்டு வரும் ஸ்கிப் செயினில் இந்தக் கணக்கு உதவாது. அதனால் பாருக்குள் ஓடும் லிங்க்கையே எண்ணுங்கள். பழைய செயினைத் தரையில் நீட்டி, ஒரு லிங்க்கில் பெயின்ட் வைத்துத் தொடங்கினால் கணக்குத் தவறாது.

பிட்ச் பார்க்க அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை 16.5 மி.மீ. என்றால் .325. 19 என்றால் 3/8. 20.5 என்றால் .404. 12.7 என்றால் 1/4. இதில் 3/8-தான் ஏமாற்றும். 40 சிசிக்கு உட்பட்ட சின்ன மிஷின்களில் வரும் லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) 3/8-ம், பெரிய மிஷின்களின் 3/8-ம் ஸ்கேலில் ஒன்றாகத்தான் தெரியும், ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) வேறு. மாற்றிப் போட்டால் ஓடுவது போல ஓடி ஸ்ப்ராக்கெட்டைத் தின்றுவிடும்.

கேஜ் என்பது டிரைவ் லிங்க்கின் தடிமன். பாரின் வால் பக்கம் (மிஷினோடு சேரும் முனை) .043, .050, .058, .063 என்று ஏதாவது ஒன்று பதிந்திருக்கும், முறையே 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. அச்சு அழிந்திருந்தால் வெர்னியரால் பழைய செயினின் லிங்க்கை நாலைந்து இடத்தில் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த லிங்க் ஒரு படி குறைத்துக் காட்டும். ஸ்டில் (Stihl) பிராண்டு செயினாக இருந்தால் டிரைவ் லிங்க்கிலேயே ஒற்றை எண் இருக்கும்: 3 என்றால் 1.3, 6 என்றால் 1.6.

வாங்கிய செயினைத் தூக்கிப் போட வேண்டாம். பிட்சும் கேஜும் சரியாக இருந்தால், ரிவெட் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் கூடுதல் லிங்க்குகளை எடுத்துவிட்டு புது இணைப்புத் தகடு போட்டு அடித்துத் தருவார். சுத்தியலால் தட்டி ஒட்டவைக்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள். அறுந்த செயின் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: கரிமூட்டத்துக்காகச் சீமைக்கருவேலம் அறுக்கிறோம். ‘ஃபுல் சிசல்’ செயின் வேகமாக அறுக்கும் என்று சொன்னார்கள். போட்டோம், அரை நாளில் மழுங்குகிறது. 18 இன்ச் பார்.
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: ஃபுல் சிசல் பல்லின் முனை கூரான சதுரம். சுத்தமான பச்சை மரத்தில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. நீங்கள் அறுப்பதோ காய்ந்த, இரும்பு போன்ற கட்டை. தூரில் மண்ணும் மணலும் அப்பியிருக்கும். அந்தக் கூர்முனை முதலில் போய்விடும், முனை போனால் பல்லே போன மாதிரி. முனை வளைந்த செமி சிசல் வாங்குங்கள். வேகம் சற்றுக் குறையும், கூர் நிற்கும். தென்னைக்கும் இதையே சொல்வோம்.

18 இன்ச் பாரும் உங்களுக்கு அதிகம். அறுக்கும் கட்டையின் விட்டத்தைவிட 2 இன்ச் கூட இருந்தால் போதும். கருவேலத்தில் பெரும்பாலும் 8, 10 இன்ச் தாண்டாது; 14 அல்லது 16 இன்ச் பார் போடுங்கள். புதரில் நீளமான பாரின் நுனி கண்ணுக்குத் தெரியாத கிளையில் பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும். பராமரிக்க வேண்டிய பல்லும் குறையும்.

பல்லைத் தீட்டும் அரம் பிட்சைப் பொறுத்தது: .325-க்கு 4.8 மி.மீ., லோ ப்ரொஃபைல் 3/8-க்கு 4 மி.மீ., பெரிய 3/8-க்கு 5.2 அல்லது 5.5. எல்லாவற்றுக்கும் ஒரே அரம் வைத்திருப்பவர்களால்தான் பாதிச் செயின் வீணாகிறது. பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு, பல்லின் உச்சியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். சீக்கிரம் அறுக்கட்டும் என்று அதை மேலும் ராவினால் பல் ஆழமாகக் கடித்து மிஷின் துள்ளும்.

கேள்வி: 3 அடி விட்டமுள்ள வேம்பு விழுந்து கிடக்கிறது. 58 சிசி மிஷினில் 28 இன்ச் பார் போடலாமா?
– தென்காசி வாசகர்

பதில்: மாட்டலாம்; அறுக்காது. அத்தனை பல்லை மரத்துக்குள் இழுக்க இஞ்சினுக்குத் தெம்பு வேண்டும், நுனி வரை போக ஆயில் பம்பும் போதாது. 58 சிசிக்கு 18 நிம்மதி, 20 சரி, 22 விற்பவருக்காகப் போட்டது. இருபுறமிருந்தும் அறுத்தால் 20 இன்ச் பாரே 3 அடியை எட்டும். பழக்கமில்லை என்றால் 70 சிசிக்கு மேற்பட்ட மிஷினும் ஆளும் வாடகைக்கு எடுங்கள்.

எந்த பார் மாற்றினாலும் வாலில் போல்ட் நுழையும் நீள்துளையின் அகலம், ஆயில் துளை, டென்ஷன் பின் துளை மூன்றும் பழைய பாரோடு ஒத்துப்போக வேண்டும். ஆயில் துளை அரை சென்டிமீட்டர் விலகினாலும் பார் காய்ந்து நீலம் பாய்ந்துவிடும். மாட்டியதும் நுனியை வெளிறிய கட்டைக்கு மேல் பிடித்து அரை ரேஸில் ஓட்டிப் பாருங்கள். சில நொடிகளில் ஆயில் கோடு விழ வேண்டும்.

கேள்வி: புதுச் செயின் போட்டும் அறுப்பு வளைந்து போகிறது.
– திண்டுக்கல் வாசகர்

பதில்: செயின் புதிது, பார் பழையதா? ஒரு ஸ்கேலைப் பல்லோடும் பார் பக்கவாட்டோடும் சேர்த்து வையுங்கள். பாருக்கும் ஸ்கேலுக்கும் நடுவே சந்து தெரிந்தால் பார் நன்றாக இருக்கிறது. செயின் சாய்ந்து ஸ்கேல் பாரில் ஒட்டி நின்றால் செயின் ஓடும் பள்ளம் அகன்றுவிட்டது, அல்லது 1.5 பாரில் 1.3 செயின் போட்டிருக்கிறீர்கள். அகன்ற பாரை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: செயின் மாற்றும்போதெல்லாம் ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டுமா?
– நாமக்கல் வாசகர்

பதில்: இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட். அதற்கு முன்பே பல்லில் 0.5 மி.மீ. ஆழத்துக்குத் தடம் விழுந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம், புதுச் செயினை அது கெடுத்துவிடும்.